முக்கால் சுற்று

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒருவர் வாய் தவறிச் சொன்ன ஒற்றை வாக்கியம்தான் இதற்கு விதை. முளைத்ததெல்லாம் என் கைவேலை, கோணலாக முளைத்திருந்தால் அதுவும் என் குற்றம்தான்.

போன மாதம் என் கார் மக்கர் பண்ணியது. ஒரேயடியாகப் படுத்துவிட்டால் தேவலை. காலையில் கிளம்பும், மதியம் முரண்டு பிடிக்கும், சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். முரண்டு பிடிக்கும் நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ஒற்றை ஷட்டர் போட்ட சின்னப் பட்டறை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். பானட்டைத் தூக்கி, பேட்டரி முனையில் மாட்டியிருந்த கவ்வியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். விழப்போகிற பல்லைப்போல ஆடியது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். லூஸ் கனெக்‌ஷன். ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் ஒட்டாது. முழுசா செத்த வண்டியைக்கூட சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம் மேடம். விட்டு விட்டு வர்ற வியாதிதான் ஆளைப் பாடாப் படுத்தும்."

ஸ்பேனரைப் போட்டு நட்டை இறுக்கினார். இறுக்கி முடித்த பிறகும் ஸ்பேனரை எடுக்கவில்லை. நட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒரு தடவை ஒருத்தங்க வண்டியில இதை வேணும்னே முக்கால் சுத்து இறுக்காம விட்டேன்."

"எதுக்கு?"

"திரும்ப வருவாங்கன்னு."

நான் என்னை அறியாமல் என் காரைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுது டைட்டாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. யார், எப்போது, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பார்த்தேன்; பானட்டை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இனி வருகிற கண்ணாடிக்கடை, தம்பி, அண்ணி எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. முக்கால் சுற்று மட்டும் அவருடையது.

2

முதல் தொடக்கம்: "அவள் முதன்முதலாகப் பட்டறைக்கு வந்த அன்று மழை"

அடித்துவிட்டேன். கதைகளில் பெண்கள் வரும்போதெல்லாம் எதற்கு மழை பெய்கிறதோ தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு"

ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு மூட்டு வலி வரும். அதைச் சொல்ல ஒரு கதை வேண்டாம். இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை வேலையிலிருந்து ஆரம்பித்தேன். அது நின்றது.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கொதிநீரில் சோடா மாவைக் கரைத்து ஊற்றினார் அவர். பொரபொரவென்று நுரைத்து வழிந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். தெருவில் அவரைக் 'கரண்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனும் அண்ணியும் மாடியில் குடியிருக்க, கீழே பட்டறை, பின்னால் ஒரு கட்டில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்த்துப் பார்த்தே வயது போய்விட்டது.

வண்டி அவளுடையது. இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக்கடை வைத்திருப்பவள். கண்ணைப் பரிசோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பதுவரை எல்லாம் அவளே. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் ஒரு தம்பி. அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு படுக்கை. ஏழு என்றால் ஏழு. பிந்தினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

"வண்டி எனக்காக இல்லீங்க, அவனுக்காக" என்றாள். "மத்த நாள் எப்படியோ போகட்டும். அந்த மூணு நாள் கிளம்பிடணும்."

"கிளம்பும்" என்றார் கரண்ட்டு.

(அவரை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். மரியாதைக் குறைவில்லை. இரண்டு 'அவர்' ஒரே பக்கத்தில் நடமாடினால் யார் யாரைப் பார்க்கிறார் என்று நீங்கள் தடுமாறுவீர்கள். இந்தக் கதையில் பார்ப்பதுதான் முக்கால்வாசி.)

3

எட்டு நாள் ஒழுங்காக ஓடியது. ஒன்பதாம் நாள் மறுபடி 'டிக்'.

யாரோ தள்ளிவிட, பட்டறைக்குக் கொண்டுவந்தாள். கரண்ட்டு சாவியைத் திருப்பினார். முதல் தடவையே கிளம்பியது. அணைத்துவிட்டுத் திருப்பினார். கிளம்பியது. இருபது தடவை திருப்பினார். இருபது தடவையும் சமர்த்தாகக் கிளம்பியது.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"இது நல்ல வண்டிங்க. என் மானத்தை மட்டும் வாங்குது."

அவள் சிரித்தாள். அவருக்குக் காது மடல் சுட்டது. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது, குறையில்லை. ஒருநாள் முழுக்க வண்டியை வைத்துக்கொண்டு பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. குனிந்து வயர்களைப் பார்க்கும்போது அவர் கண்ணை இடுக்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு வாங்க. உங்களுக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். அவள் அவரை எப்படிக் கூப்பிடுவாள்? நம் ஊர் வழக்கத்தில் ஒரு பெண் மெக்கானிக்கை 'அண்ணே' என்பாள். இயல்பாக இருக்கட்டுமே என்று முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன்: "கடைக்கு வாங்கண்ணே." எழுதிவிட்டுப் பார்த்தால் கதை அந்த இடத்திலேயே குப்புற விழுந்து கிடந்தது. 'சார்' போட்டேன், ஒரு மேஜை நடுவில் வந்து நின்றது. கடைசியில், அவள் அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். "இங்க பாருங்க" என்பாள், "கேட்டீங்களா" என்பாள். எழுதியபின்தான் எனக்கு உறைத்தது: நம் மொழியில், கூப்பிட ஒரு முறை இல்லாமல் ஒருத்தி ஒருவரோடு மூன்று வாரம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது சும்மா இல்லை. அவளை நான் அதுவரை வெறும் வாடிக்கையாளராகத்தான் நினைத்திருந்தேன்.

4

மறுநாள் மதியம் கரண்ட்டு கண் பரிசோதனைக்குப் போனார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கியபோது அண்ணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில கிரீஸ் ஒட்டாதா?"

"கண்ணு பார்க்கப் போறேன் அண்ணி."

"போங்க, போங்க. கண்ணு தெரியலன்னுதான் நானும் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

கடையின் பின்னறை சிறியது. திரையை இழுத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கனத்த இரும்புச் சட்டம் ஒன்றை அவர் மூக்கில் மாட்டினாள். அதன் குழியில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டாள். போடும்போது அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?"

"முன்னாடி."

"இப்ப?"

"இது."

"எழுத்தைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பப் பேரிடம் சொல்லிப் பழகிய குரல்தான். ஆனால் சொன்னபிறகு அடுத்த லென்ஸை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி லென்ஸை மாற்றியதும், அவர் பிடித்துக்கொள்ள அவள் கொடுத்திருந்த அட்டையின் பொடி எழுத்துகள் கருகருவென்று முன்னால் வந்து நின்றன. அவர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு, ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயம், சுருக்கம். இத்தனை நாளும் இந்தக் கையோடா இவள் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தோம் என்று இருந்தது. கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"எதுக்கு மறைக்கிறீங்க? வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

யாரும் அவர் கையைப் பற்றி அதுவரை எதுவும் சொன்னதில்லை. பட்டறைக்குத் திரும்பி, அன்று மதியம் முழுக்க ஒரு ஹார்னைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைத் திரும்ப மாட்டவே மறந்து உட்கார்ந்திருந்தார்.

5

அதே வாரம் அவள் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி இல்லாத நாள், நல்லவேளை. அவர் மீட்டரோடு போனார். "சாவியைத் திருப்புங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க" என்று அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்தார். அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். நாலு வோல்ட்டுக்கு மேல் துள்ளியது.

"மாட்டிக்கிச்சு" என்றார்.

பேட்டரியையும் அதன் தட்டையும் வெளியே எடுத்தார். அடியில், கறுப்பு எர்த் வயர் வண்டியின் தகரத்தோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட். மேலுக்குப் பெயின்ட், உள்ளுக்குத் துரு. குலுங்கும்போது ஒட்டும், குலுங்கும்போதே விலகும். அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சிடும்வரை தேய்த்து, வாஷரை மாற்றி இறுக்கினார். இனி அந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் வராது. அவருக்குத் தெரியும்.

பேட்டரியைத் திரும்ப வைத்தார். கவ்விகளை மாட்டினார். பத்தாம் நம்பர் ஸ்பேனர். பாசிடிவை இறுக்கினார். நெகடிவை இறுக்க ஆரம்பித்தார்.

"இதோட எல்லாம் சரியா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சரியாயிடும்."

"அப்ப இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை."

(அவள் இதை எப்படிச் சொன்னாள்? நிம்மதியாகவா, வருத்தமாகவா? நான் பக்கத்தில் நின்றிருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பானட் மூடி நடுவில் நின்றது. அவருக்கு முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.)

நட்டு கவ்வியைப் பிடித்துவிட்டது. இன்னும் முக்கால் சுற்று இருந்தது. முப்பத்து மூன்று வருடமாக எத்தனையோ ஆயிரம் நட்டுகளை இறுக்கிய கை அது. அந்தக் கை நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பானட்டை மூடினார்.

6

இதற்குப் பிறகு நான் நாலு நாள் எழுதவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நானும் ஒரு பெண். நானும் வண்டி ஓட்டுகிறேன். ஒருவர் என்மேல் ஆசை வைத்து என் வண்டியின் நட்டைத் தளர்த்திவிட்டால் அதற்குப் பெயர் ஆசையா? ஆசைப்பட்டால் வாயால் சொல்ல வேண்டியதுதானே, நட்டால் எதற்குச் சொல்கிறார்? அவரைத் தண்டிக்காமல் விடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அடுத்த காட்சியை எழுதினேன். அதில் கொஞ்சம் என் கோபமும் கலந்திருக்கும். கழித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரி நாள். காலை ஆறரை மணிக்குத் தம்பியை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினாள். 'டிக்.' கரண்ட்டுக்குப் போன் போட்டாள். போன் பட்டறையில் சார்ஜில் கிடந்தது. அவர் மாடியில் அண்ணனுடைய நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்த அழைப்புக்காகப் பத்து நாள் போனைச் சட்டைப் பையைவிட்டு இறக்காதவர், அன்றைக்குப் பார்த்து இறக்கியிருந்தார். ஏழே முக்காலுக்குக் கீழே வந்து பார்த்தால் பதினோரு அழைப்பு.

அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பானட் திறந்தபடி வண்டி மட்டும் நின்றது. "தம்பிக்கு மூச்சு வாங்குதுன்னு யாரோ வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்று பக்கத்து வீட்டம்மா சாவியை நீட்டினாள். ஸ்பேனரை வைத்தார். முக்கால் சுற்று. சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் கிளம்பியது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சு. படுக்கை அடுத்தவருக்குப் போய்விட்டது; மதியம் இரண்டுக்குத்தான் காலியாகும் என்றிருந்தார்கள். தம்பி சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பாதம் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. கரண்ட்டைப் பார்த்ததும் அவள் எழுந்தாள்.

"வந்துட்டீங்களா. நல்லவேளை" என்றாள். கண் சிவந்திருந்தது. "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்."

அவர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். இரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் தம்பி, இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக, சொன்னான்:

"வண்டி சரியாயிடுச்சுன்னதும்... அக்கா முகமே சரியில்ல. ஹார்ன் சத்தம் கம்மியா இருக்கு... காட்டிட்டு வரட்டுமான்னு... என்கிட்டயே கேட்டுச்சு. ஹார்ன் நல்லாத்தான் இருந்துச்சு."

(இந்த வசனத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். தண்டிக்கத்தான் எழுதினேன். ஆனால் இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.)

7

மறுநாள் மதியம் கண்ணாடிக்கடை. அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒரு ஃபிரேமின் காதில் எள் அளவு திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தம்பி எப்படி இருக்கார்?"

"தூங்கறான். இப்பப் பரவாயில்ல. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "அந்த நட்டு. அதை நான்தான் முழுசா இறுக்கல."

அவள் நிமிர்ந்தாள். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, மெதுவாக, கதவைத் திறந்துவிடுவதுபோலக் கேட்டாள்:

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்றால் போதும். யாரும் மறப்பதுதான். அவள் மன்னித்துவிடுவாள், அவர் வந்துபோய்க்கொண்டிருக்கலாம், தம்பியோடு பேசலாம்.

"மறக்கல" என்றார்.

அவள் என்ன சொன்னாள்?

முதல் முடிவில் அவள் "வெளியே போங்க" என்கிறாள். நியாயம்தான். ஆனால் அதை எழுதிய ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் முடிவில் அவள் அழுகிறாள், பிறகு சிரிக்கிறாள், பிறகு அண்ணி ஆரத்தி... வேண்டாம். தம்பி மூச்சுக்குத் தவித்த அந்த ஏழு மணி நேரத்தைத் துடைத்துவிட்டுக் கல்யாணம் பண்ணிவைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மூன்றாவதில் அவள்

8

மூன்றாவது நிற்கவில்லை. கதையைத் தூக்கிக்கொண்டு நிஜமான பட்டறைக்குப் போனேன். மதியம் மூன்றரை இருக்கும். அவர் ஒரு விளக்குக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க முக்கால் சுத்தை வெச்சு ஒண்ணு எழுதிட்டேன். படிக்கட்டுமா?"

"படிங்க" என்றார், தலை நிமிராமல்.

படித்தேன். எர்த் வயர் வந்த இடத்தில் மட்டும், "வாஷர் போட்டா போதாது, மேல கிரீஸ் தடவணும்" என்றார். கண் பரிசோதனை வந்தபோது வயர் சுற்றுவதை நிறுத்தினார். பெஞ்சுக் காட்சியில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். 'மறக்கல' என்ற சொல்லுக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

"அதுக்கு மேல படிக்காதீங்க."

"தப்பா எழுதிட்டேனா?"

"கண்ணாடிக்கடை இல்ல. என்ன கடைன்னு சொல்ல மாட்டேன். தம்பியும் இல்ல. ஒரு ரயிலைப் பிடிக்கக் கிளம்பியிருந்தாங்க. பிடிக்க முடியல. எந்த ஊருக்கு, யாரைப் பார்க்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. அவங்களும் சொல்லல. ஆறு வருஷம் ஆச்சு."

"இப்பவும் வர்றாங்களா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. லைட்டு, வைப்பர்னு ஏதாவது. ஒவ்வொரு தடவையும் அந்த நட்டைத் தொட்டுப் பார்ப்பேன். இறுக்கமாத்தான் இருக்கும்." வயரைக் கீழே வைத்தார். "நீங்க எழுதின ஆளு போய்ச் சொல்லிட்டான். நான் சொல்லல மேடம்."

"அவங்க பதிலுக்கு மூணு விதமா எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்க சொல்ல வேண்டியதை நீங்க எப்படி எழுதுவீங்க?"

எழுந்தார். சோப்புத் தூளைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைக் கம்பியால் சுரண்டினார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டு, பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டு, அவிழ்த்துச் சரியாகப் போட்டார். கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவங்க கடை அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். ஷட்டர் திறந்தே கிடக்கட்டும். கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?"

"பார்த்துக்கறேன்."

தெருமுனையில் ஒரு தடவை நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. முனை திரும்பிப் போய்விட்டார்.

இப்போது மணி நாலே முக்கால். இந்தக் கடைசிப் பக்கத்தை அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய மேஜையில் வைத்து எழுதுகிறேன். கொஞ்ச நேரம் முன்பு ஒரு பெண்மணி வந்து, "எலக்ட்ரீஷியன் எங்கே?" என்று கேட்டார். "ஒரு வேலையா போயிருக்கார்" என்றேன். "எப்ப வருவார்?" என்றார். வந்தால் என்ன முகத்தோடு வருவார் என்று எனக்குத் தெரியாது. அதை எழுதவும் மாட்டேன். மூன்று முடிவுகளையும் கிழித்து அவருடைய கழிவுத் துணிப் பெட்டியில் போட்டாயிற்று.

இன்னொரு ஸ்டூல் இருக்கிறது. துடைத்துப் போட்டிருக்கிறேன். அவசரம் இல்லையென்றால் நீங்களும் உட்காருங்கள். தெருமுனை இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.